கொளுத்தாத கற்பூரம்

ராசா,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு என் பதில்: மாட்டேன். இதற்கு மேல் வாசிக்க நேரமில்லையென்றால் இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், வாசிப்பாய். காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டியின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வாசித்து வளர்ந்த பிள்ளை நீ. ஆகவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரு. கொம்மா நீட்டி முழக்கத்தான் போகிறேன்.

நீ கேட்டதை நானே இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு நான் திரித்துச் சொன்னேன் என்று குறை சொல்லக் கூடாது. "அம்மா, ப்ளீஸ். அவையின்ரை பெரியம்மா கேட்டா, எனக்குச் சின்னனிலை ஃபிட்ஸ் ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. ஜஸ்ட் ஸே நோ. ஒரு சொல்லுத்தானே." அந்த ஒரு சொல்லைத்தான் மேலே உனக்குத் திருப்பித் தந்திருக்கிறேன். அஜக்ஸில் இருக்கும் பெண்ணின் பெரியம்மாவுக்கு யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு நாலு வயதில் வலிப்பு வந்ததாம், மூளைக்குள் புழுவாம், தாய்க்காரி நஞ்சு கொடுத்தவளாம். மூன்று செய்தியில் ஒன்று உண்மை, ஒன்று பொய், மூன்றாவது நான். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். மண்டபம் எடுத்தாயிற்று. என் சேலைக்குச் சட்டையும் தைத்தாயிற்று. அது கையைத் தூக்க விடாமல் இறுக்குகிறது, அது வேறு கதை. இந்த நேரத்தில் அம்மா வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். பயப்படு. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் உனக்கு நடந்தது பாதிதான் தெரியும். மிச்சப் பாதியையும் கேட்டுவிட்டுப் பிறகு பொய் சொல்லச் சொல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் எட்டாம் மாடி, ஒரு படுக்கையறை வீடு. நாங்கள் இலங்கையிலிருந்து வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விசாரணைக்காகக் காத்திருந்தோம். சாமிக்கு அறை கிடையாது. யாரோ வெளியே தூக்கிப் போட்ட ரீவி மேசை ஒன்றை அப்பா முதுகில் சுமந்து கொண்டுவந்தார். அதுதான் சாமித்தட்டு, அப்போது நாலு வயதான உன் மார்பளவு உயரம். முதல் வந்த தைப்பொங்கலன்று அப்பா பக்தி மேலிட்டு ஒரு கைப்பிடி கற்பூரத்தைக் கொளுத்தினார். வீட்டுக்குள் இருந்த புகைமணி கத்தத் தொடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். மனிதர் புத்திசாலித்தனமாகப் புகையை வெளியேற்ற வாசல் கதவை அகலத் திறந்து விட்டார். புகை நடைவழிக்குப் போனது, நடைவழி மணி முழுக் கட்டடத்தையும் எழுப்பியது. தை மாதக் குளிரில் அத்தனை குடும்பங்களும் படுக்கைப் போர்வையோடு பனிக்குள் நிற்க, தீயணைப்பு வண்டி கூவிக்கொண்டு வந்தது. நான் பொங்கல் பானையைக் கைவிட மனமில்லாமல் கையோடு இறக்கிக்கொண்டு வந்திருந்தேன். பானையோடு நிற்பவளைப் பார்த்தவுடன் யார் வீட்டுப் புகை என்று சனத்துக்கு விளங்கிவிட்டது.

கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்ரென்டன் அடுத்த நாள் வந்து, சாமிப் படத்தை நோக்கி விரலை நீட்டி, இனி நெருப்பு வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். எங்களைச் சொன்னாரோ பிள்ளையாரைச் சொன்னாரோ தெரியாது. அன்றிலிருந்து உன் அப்பா ஒரு புது வழிபாடு கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமைகளில் தட்டில் கற்பூரத்தை வைப்பார், கொளுத்தமாட்டார். அப்படியே மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

"இதென்னப்பா, சாமியை ஏமாத்திப் பேக்காட்டுறியளோ?" என்று கேட்டேன்.

"பேக்காட்டேல்லை. பாவனை. கடவுளுக்கு எங்கடை கட்டடத்து றூல்ஸ் தெரியும்."

"தெரிஞ்சா அந்தக் கடவுளே சுப்பரின்ரென்டனோடை கதைச்சிருக்கலாமே?"

"இஞ்சாரும், நீர் வாயை மூடிக்கொண்டு கும்பிடும்."

கும்பிட்டோம். இல்லாத சுவாலைக்கு மேலே கையை நீட்டி, இல்லாத சூட்டைக் கண்களில் ஒற்றிக்கொண்டோம். நீயும் ஒற்றிக்கொண்டாய். பிறகு தட்டிலிருந்து ஒரு கற்கண்டு எடுத்து உன் வாயில் போடுவேன். உனக்கு வழிபாடு என்றால் அந்தக் கற்கண்டுதான். இதில் ஒரு விஷயத்தை இரண்டு பெரிய மனிதர்கள் யோசிக்கவில்லை. எரிகிற கற்பூரம் தன்னை மிச்சம் வைக்காது. சோதி காட்டி முடிந்தால் தட்டு வெறும் தட்டு. எங்கள் கற்பூரம் எரியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை சுற்றிக் காட்டியது சனிக்கிழமையும் அங்கேயே கிடந்தது, வெள்ளையாக, கட்டியாக, கற்கண்டுக்குப் பக்கத்தில்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை. அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலையில் இருந்தார். நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பொத்தென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் நீ தரையில் கிடக்கிறாய். கையும் காலும் இழுக்கின்றன, கண் மேலே செருகிவிட்டது, உதடு நீலம். ராசா, நான் எதையும் பகிடியாக்குகிறவள். அந்த நேரத்தைப் பகிடியாக்க எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அவசர எண்ணை அடித்துவிட்டு, மாப் படிந்த கையோடு உன்னைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, எங்கள் சனம் எந்த வருத்தத்துக்கும் செய்கிற முதல் வைத்தியத்தைச் செய்தேன். தைலப் போத்தலைத் திறந்து நெஞ்சு, முதுகு, உள்ளங்கால் எல்லாம் தேய்த்தேன். தேய்க்காத இடம் உன் தலைமயிர் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி இழுப்பை நிறுத்தினார்கள். நீ அரை மயக்கத்தில் கிடந்தாய். உயரமான ஒரு இளம் டொக்டர் வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கவனமான மனிதர். காய்ச்சல் இருந்ததா? தலை அடிபட்டதா? குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருக்கிறதா? எப்போது இலங்கையிலிருந்து வந்தீர்கள்? நுளம்பு கடித்ததா? பன்றி இறைச்சி சாப்பிடுவீர்களா? இதற்கிடையில் அப்பா வேலை உடுப்போடு ஓடி வந்து சேர்ந்திருந்தார். பன்றி என்றதும் வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "நாங்கள் அதுகளைத் தொடுறேல்லை எண்டு சொல்லும்!" என்று என்னை இடித்தார். டொக்டர் பொறுமையாக விளக்கினார். எங்கள் பக்கத்து நாடுகளில் ஒரு புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளையில் குடியேறுவதுண்டாம், பன்றி தின்னாதவர்களுக்கும் வருமாம். மலேரியாவும் மூளைக்கு ஏறுமாம். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தொற்றியிருக்கலாமாம். அவர் தேடியவை எல்லாம் அரிதான நோய்கள்தான், எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் அவருடைய புத்தகம் அந்தப் பக்கத்தில்தான் திறந்துகொண்டது.

வீட்டில் இருக்கும் மருந்து எதையாவது எடுத்தானா என்றும் கேட்டார். இல்லை. துப்புரவு செய்யும் திராவகம்? இல்லை. மாத்திரை, எலி மருந்து, மதுபானம்? இல்லை, இல்லை, ஐயோ இல்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கற்பூரம் மருந்துமில்லை, சாப்பாடுமில்லை, நஞ்சுமில்லை. அது சாமிக்கு உரியது. அவர் திறந்து பார்த்த எந்தப் பெட்டிக்குள்ளும் அது இருக்கவில்லை. பிள்ளையில் ஏதோ மணக்கிறதே என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். தைலம் தேய்த்தேன் என்றேன். தலையாட்டினார். அந்தத் தைலத்திலும் அதே மணம்தான். அறை முழுக்கக் கற்பூரம் மணத்துக்கொண்டிருக்க, அவருக்கு அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, எனக்கோ அது மணமாகவே தெரியவில்லை. என் சேலை, என் கூந்தல், என் வீட்டுச் சுவர் எல்லாமே அந்த மணம்தான்.

தலையைப் படம் எடுத்தார்கள். புழுவும் இல்லை, கட்டியும் இல்லை. ஆனால் நீ இன்னும் தெளியவில்லை. ஆகவே முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், கிருமிக்கான மருந்தை இப்போதே தொடங்க வேண்டும், வலிப்புக்கான மாத்திரையும் நெடுநாள் கொடுக்க வேண்டி வரலாம் என்றார் டொக்டர். ஊசிக்குச் சம்மதம் கேட்டு ஒரு தாளையும் தந்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் நீ கண்ணைத் திறந்தாய். தண்ணீர் கேட்டாய். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"அம்மா, சாமிக் கற்கண்டு கூடாது, நல்லாயில்லை. வாய் எரியுது."

நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தத் தட்டு கண்ணுக்குள் வந்தது.

இப்போது உன் மாமா உள்ளே வருகிறார். என் அண்ணைதான். மோர்னிங்சைட்டில் இருந்தார். எங்களுக்கு மூன்று வருடம் முன்னதாக இந்த நாட்டுக்கு வந்தவர் என்பதால், சட்டம், மருத்துவம், காலநிலை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அவர்தான் அதிகாரி. செய்தி கேட்டு வந்தவரிடம் அப்பா நடைவழியில் வைத்து மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அண்ணை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை அருகே இழுத்தார்.

"பிள்ளை, சொல்லிப்போடாதை. விசர் வேலை பாராதை."

"ஏன் அண்ணை?"

"பிள்ளைக்கு நஞ்சு போனது எண்டு தெரிஞ்சா இவங்கள் ஆள் அனுப்புவாங்கள். தாய் தேப்பன் கவனமில்லை எண்டு பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்காரற்றை வீட்டிலை விட்டிடுவாங்கள். பேந்து அவன் உன்னை அன்ரி எண்டு கூப்பிடுவான்."

"அப்ப அந்த ஊசி?"

"ஊசிதானே? போடட்டும். இஞ்சை எல்லாம் ஃப்ரீ. உங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, அதை மறந்திடாதை. பிள்ளைக்கு வலிப்பெண்டு எழுதினா எழுதட்டும். ஊரிலை எத்தினை பேருக்கு வலிப்பு."

அப்பா தரையைப் பார்த்தபடி, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே," என்றார். பயந்த மனிதன், கெட்ட மனிதன் இல்லை. அண்ணை சொன்னது வெறும் கற்பனையுமில்லை. அப்படிப் பிள்ளையைப் பிரித்த கதைகள் அந்தக் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் நாளாந்தம் அடிபட்டன. ஒரு பக்கம் உன்னைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். மறுபக்கம் ஒரு தாதி தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டு உன் கட்டிலை நோக்கி வருகிறாள். உன்னிடம் இல்லாத ஒரு நோய்க்கு, என் வாய் திறக்காததால், உன் முதுகில் குத்தப் போகிறார்கள்.

கட்டிலடிக்கு ஓடி, தாதிக்குப் பின்னால் வந்த டொக்டரிடம் சம்மதத் தாளைத் திருப்பி நீட்டி, "நோ," என்றேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அன்று என் நாக்கில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். கற்பூரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்றும் தெரியாது. கைப்பையைக் கவிழ்த்தேன். கோயிலுக்கென்று எப்போதும் வைத்திருக்கும் கற்பூரப் பக்கற் ஒன்று, சீப்பு, பேருந்துச் சீட்டுகள், பாதி தின்ற மிக்ஸர் எல்லாம் கட்டிலில் கொட்டின. பக்கற்றை எடுத்து டொக்டரின் கையில் வைத்து, உன் வாயைத் தொட்டுக் காட்டினேன். அண்ணை பின்னாலிருந்து, "அழிஞ்சுது, எல்லாம் அழிஞ்சுது," என்று முணுமுணுத்தது கேட்டது.

டொக்டர் பக்கற்றில் எழுதியிருந்த பெயரை வாசித்தார். ஒரு கட்டியை முகர்ந்தார். குனிந்து உன் வாயை முகர்ந்தார். பிறகு அந்த நீளக் கால்களால் தொலைபேசியை நோக்கி ஓடினார். நஞ்சு பற்றிய விவரம் சொல்லும் இலக்கம் ஒன்று இருக்கிறதாம், அவர்களோடு நிறைய நேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபமும் நிம்மதியும் ஒன்றாக இருந்தன. சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சக் கற்பூரம் போதுமாம், சில நிமிடத்திலேயே வலிப்பு வருமாம். உடம்பை விட்டு அது போகும்வரை கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். இது வலிப்பு நோய் இல்லை, நெடுநாள் மாத்திரையும் தேவையில்லை. ஊசித் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

"இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் ஏன் முதலே கேட்கவில்லை?" என்றேன். பயம் தெளிந்ததும் ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது.

அவருக்கு முகம் சிவந்தது. பிறகு தன் தாளில் ஏதோ எழுதினார். அடுத்த நாள் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த குடும்பத்திடம் அவர் கேட்பதைக் கேட்டேன். வீட்டில் எதையாவது எரிப்பீர்களா, பூசுவீர்களா, கும்பிடும்போது வாயில் போடுவீர்களா? எனக்கு உள்ளுக்குள் ஒரே கர்வம். ஒரு டொக்டருக்குப் புதிதாக ஒரு கேள்வி கற்பித்துவிட்டேன் என்று.

அண்ணை சொன்னபடியே ஆளும் வந்தது. அதை மறைக்கமாட்டேன். சமூக சேவைக்காரி ஒருத்தி வீட்டுக்கு வந்து, அலுமாரிகளைத் திறந்து பார்த்து, சாமித்தட்டின் முன்னால் நின்று, கொளுத்தாமல் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டாள். அப்பா பாவனை செய்து காட்டினார். தட்டைத் தூக்கி, மூன்று சுற்று, இல்லாத நெருப்பு. அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கடைசியில் சாமியை அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றச் சொன்னாள். நான் சுட்ட வடையில் இரண்டு சாப்பிட்டாள், போனாள். உன்னை யாரும் பறிக்கவில்லை. அண்ணைக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

ஆனால் ஊர் என்னைச் சும்மா விடவில்லை. மளிகைக் கடையில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: கற்பூர அன்ரி. "உவதான் பிள்ளைக்குக் கற்பூரம் தின்னத் தீத்தினவ" என்று மரக்கறிப் பக்கத்தில் நின்று குசுகுசுப்பார்கள். நான் திரும்பிப் பார்த்து, "ஓம், நான்தான். வெண்டிக்காய் முத்தல், எடுக்காதையுங்கோ," என்பேன். கொஞ்ச நாளில் அதே பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தனியே வரத் தொடங்கினார்கள். ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு இளம் தாய், கைக்குழந்தை எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது, டொக்டர்மார் கிருமி தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அழுதாள். என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாமல் என்ன கொடுத்தாய் என்று திரும்பக் கேட்டேன். வயிற்றுக்குத்துக்குச் சாதிக்காய் உரைத்துக் கொடுத்தாளாம், தினமும், மாமியார் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மாமியாருக்குப் பயம், டொக்டருக்குப் பயம், ஆளனுப்புவார்கள் என்று பயம். அவளைக் கையில் பிடித்து, உன்னைப் பார்த்த அந்த டொக்டரிடமே இழுத்துக்கொண்டு போனேன். குழந்தை தப்பியது. அவள் மாமியார் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன்? நாளைக்கு நீயும் அப்பா ஆவாய். உன் பிள்ளை கண் செருகிக் கிடக்கும்போது ஒரு டொக்டர் உன்னைக் கேட்பார். அவருக்கு உன் வீட்டுக்குள் இருக்கும் கண் நீதான். நீ பார்த்ததைச் சொன்னால்தான் அவர் பார்ப்பார். அந்த நேரம் வெட்கப்பட்டு விழுங்குகிறவன் தன் பிள்ளையின் முதுகை ஊசிக்குக் கொடுக்கிறான். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இப்போது ஒரு பெரியம்மாவுக்குப் பயந்து வாய் மூடுகிறவனுக்கு அப்போது வாய் திறக்காது. இல்லை என்று நீ சொல்லச் சொன்னது ஒரு வலிப்பைப் பற்றி மட்டுமில்லை. நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தையும் சேர்த்து நடக்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். என் புட்டு கட்டியாகும், என் கணக்குப் பிழைக்கும், கார் ஓட்டுநர் பரீட்சையில் எத்தனை தடவை விழுந்தேன் என்று கேட்காதே. ஆனால் அன்று நான் சரியாகச் செய்தேன். அதை ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்காக விற்கமாட்டேன்.

மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கற்பூரம் என்று சொன்னால் அது ஒரு விபத்து, முடிந்த கதை. மறைத்தால் அது வலிப்பு. நாளைக்கு உனக்கு ஒரு தலையிடி வந்தாலும் அந்தப் பெரியம்மா வலிப்பு நிற்கட்டுமென்று உன் கையில் இரும்புத் திறப்பையோ சாவிக்கொத்தையோ தேடி வைப்பார். நேற்று மாமாவும் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, இல்லையெண்டு சொல்லிவிடு, கல்யாணம் முடிஞ்சாப்போலை பாப்பம்." அன்று ஆஸ்பத்திரி நடைவழியில் கேட்ட அதே குரல். தலைதான் நரைத்திருக்கிறது. "அண்ணை, நீங்கள் வடிவா உடுத்துக்கொண்டு வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ, போதும்," என்று வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று இன்று உன் கையில். மற்றது எங்கள் கடை வாசல்களில் இலவசமாகக் குவித்து வைக்கிற பத்திரிகைக்கு. ஆசிரியர் தம்பி நல்ல பிள்ளை, பக்கம் நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வரும். அஜக்ஸிலும் போடுகிறார்கள், பெண் வீட்டார் மீன் வாங்குகிற கடையிலேயே. கோபம் வருகிறதா? வரட்டும். காரை எடு. வெள்ளிக்கு முன்னால் நீ கட்டப்போகிறவளிடம் போ. பெரியம்மாவிடம் இல்லை, அவளிடம். உன் வாயால் சொல். அதற்குத்தான் இந்த அவகாசம்.

கடைசிப் பந்தி உனக்கில்லை, ராசா. அது அவளுக்கு.

பிள்ளை, இந்தக் கதையை அவன் உனக்கு முதலே சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து இதை வாசித்து என்னைத் திட்டுங்கள், சிரியுங்கள், கல்யாணத்துக்கு வந்து என் இறுக்கச் சட்டையையும் பாருங்கள். ஆனால் இங்கேதான் நீ முதல்முதலாக அறிகிறாய் என்றால், இன்னும் மாமியார் ஆகாத ஒருத்தி சொல்வதைக் கேள். என் மகனுக்கு எந்த நோயும் இல்லை. உன்னிடம் மறைத்துவிட்டான், அதுதான் குறை. அந்தக் குறைக்காக அவனை வேண்டாம் என்று சொல்லிவிடு. மண்டபக்காரருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.